ஸ்பேசரில் பூசிய சந்தனம்

எனக்குப் பயம் அதிகம். நான் சொல்லாவிட்டாலும் என் வீட்டில் இருக்கிற இரண்டு பேரும் சொல்லிவிடுவார்கள், அதனால் நானே முந்திக்கொள்கிறேன். படகில் ஏறினால் ஓரத்தில் உட்கார மாட்டேன். கேஸை அடைத்தேனா என்று பாதி வழியில் திரும்பி வருவேன். கல்யாணமாகித் தென்காசிப் பக்கத்திலிருந்து மலையாளக் கரையில் மட்டாஞ்சேரிக்கு வந்த புதிதில், ஒரு நாள் காலையில் கதவைத் திறந்தால் சந்து முழுக்கத் தண்ணீர். முந்தின நாள் ஒரு சொட்டு மழை கிடையாது. கடல் ஏற்றத்தில் காயல் தானாக ஏறி வந்து வாசல்படியைத் தொட்டுக்கொண்டு நின்றது. "வேலியேற்றம். உச்சைக்கு முன்னே இறங்கிப் போவும்" என்று சொல்லிவிட்டு என் கணவர் சாயாவை ஆற்றிக்கொண்டிருந்தார். மத்தியானத்துக்குள் அது இறங்கியும் போனது. எனக்குத்தான் அன்றைக்கு ஏறியது இன்னும் இறங்கவில்லை.

அவர் இங்கேயே பிறந்தவர். வீட்டில் தமிழ் பேசுவார், பேப்பர் மலையாளத்தில் படிப்பார், எதற்கும் "குழப்பமில்ல" என்பார், பிரச்சினை ஒன்றும் இல்லை என்று அர்த்தம். கார்ப்பரேஷனில் குப்பை லாரி ஓட்டுகிறார். இருபது வருடமாக ஏணி மாதிரிப் படியேறிப் போய் உட்கார்ந்து, ஊரை மேலிருந்து பார்த்தே ஓட்டியவர். அதனாலோ என்னவோ, சொந்தமாக ஒரு பழைய கார் வாங்கியதும் அவருக்குத் தரையோடு தரையாகப் போக வேண்டும் என்று ஆசை வந்துவிட்டது. மற்றவர்கள் கார் வாங்கினால் கோயிலுக்குப் போவார்கள், மலைக்குப் போவார்கள். இவர் வாங்கிய முதல் மாதமே காரைத் தாழ்த்த வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றார்.

டயருக்கும் அதன் மேலே இருக்கிற வளைவுக்கும் நடுவில் நான்கு விரலை நுழைத்துக் காட்டுவார். "பாரு, எத்தனை கேப்பு. ஒட்டகம் மாதிரி நிக்குது." அந்த இடைவெளி குறைய நான்கு ஸ்பிரிங்கையும் எடுத்துவிட்டுக் குட்டையான ஸ்பிரிங் போட வேண்டுமாம். அதோடு விட்டாரா? சக்கரம் உள்ளே ஒடுங்கிக் கிடக்கிறது, அதை வெளியே கொண்டுவர வேண்டும் என்றார். அதற்கு ஸ்பேசர் என்று ஒன்று. சக்கரம் போய் உட்காருகிற இரும்பு முகத்துக்கும் சக்கரத்துக்கும் நடுவில் வைக்கிற கனமான வட்டத் தகடு. வைத்தால் சக்கரம் அந்தக் கனத்துக்கு வெளியே தள்ளி நிற்கும்.

எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. காரைத் தாழ்த்துவது வேலியேற்றம் வருகிற சந்தில், அதுவே ஒரு பயம். வழியில் போலீஸோ ஆர்.டி.ஓ. ஆபீஸ்காரர்களோ மறித்தால் என்ன சொல்வது என்பது இன்னொன்று. ஆனால் பெரிய பயம் அந்தத் தகடுதான். வண்டியையும் சக்கரத்தையும் செய்தவர்கள் ஒன்றோடு ஒன்று ஒட்டித்தானே வைத்தார்கள், நடுவில் நாம் எதற்குப் புதிதாக ஒன்றை நுழைக்க வேண்டும்? இதைக் கேட்டால் "நீ சுக்கு பொறுக்கு, வண்டியை என்கிட்ட விடு" என்பார். நான் பஜாரில் ஒரு பண்டகசாலையில் சுக்கு தரம் பிரிக்கிறேன். அதற்குக் கிண்டல்.

இந்தக் காரில் தினமும் போகப்போவது எங்கள் மகள். காக்கநாட்டில் ஒரு கம்பெனியில் அவளுக்கு முதல் வேலை கிடைத்திருந்தது. மட்டாஞ்சேரியிலிருந்து பஸ் மாறிப் போய்ச் சேர்வதற்குள் பாதி ஜீவன் போய்விடும். இவருக்கு மத்தியான டியூட்டி என்பதால் காலையில் அவளைக் காரில் கொண்டுபோய் விடுவதாக ஏற்பாடு. அவளும் அப்பா கட்சி. "அம்மா, ஆபீஸ் கேட்டுல போயி இறங்கும்போது ஒரு லுக் வேண்டாமா?" என்றாள். ஒரே பிள்ளை. இரண்டு உயிரும் ஒரே வண்டியில், நாலு சக்கரத்தின் மேல், காலையில் அந்தப் பெரிய ரோட்டில் போகும். நான் பயப்பட்டதெல்லாம் இந்த ஒன்றுக்காகத்தான்.

முதலில் அவர் தோப்பும்படியில் ஒரு சிநேகிதனைப் பிடித்துவிட்டு வந்தார். புது ஸ்பிரிங்கே வேண்டாம், இருக்கிற ஸ்பிரிங்கில் ஒரு சுற்றை அறுத்துவிட்டால் கார் தானாக இறங்கிவிடும் என்று அந்த மகராசன் சொல்லியிருக்கிறான். அன்றைக்கு நான் ஆடிய ஆட்டத்தில் பக்கத்து வீட்டுச் சேச்சி எட்டிப் பார்த்தாள். "அறுத்த ஸ்பிரிங்குல என் பிள்ளை ஏற மாட்டா. நீங்க மட்டும் ஏறிப் போங்க" என்றேன். அவர் இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்துவிட்டு, "செரி, கடையிலேயே வாங்கலாம். நீயும் வா. வந்து உன் கண்ணாலே பாரு" என்றார்.

இடப்பள்ளியில் அந்தக் கடை கண்ணாடி போட்டு ஏசி வைத்திருந்தது. சுவர் முழுக்க டயர் இல்லாத சக்கரங்கள். கவுண்டரில் இருந்த இளைஞன் இரண்டு பெட்டிகளைத் திறந்தான். சிவப்பு நிறத்தில் நாலு ஸ்பிரிங், மஞ்சள் நிறத்தில் நாலு ஸ்பிரிங். சிவப்பைப் போட்டால் கார் ஒரு கட்டைவிரல் அகலத்துக்குமேல் கொஞ்சம் இறங்கும், மஞ்சளைப் போட்டால் அதைப் போல இரண்டு மடங்கு. என் கணவரின் கண் மஞ்சளை விட்டு நகரவில்லை.

"எங்க சந்துல தண்ணி ஏறும்" என்றேன் நான்.

இளைஞன் என்னைப் பார்த்தான். "சேச்சி எவிடே, மட்டாஞ்சேரியா?"

"ஆமா."

"எங்கில் இது மதி, இது போதும்" என்று சிவப்புப் பெட்டியை என் பக்கம் நகர்த்தினான். "மஞ்சள் போட்டா அங்கே ஹம்ப்பு ஏறாது. ஷாக் அப்சார்பரும் சீக்கிரம் போவும்."

எனக்கு அவனைக் கும்பிட வேண்டும் போல இருந்தது. இவருக்கு மூக்கு சிவந்தது, ஆனாலும் சிவப்புக்குச் சம்மதித்தார். அதை ஈடுகட்டத்தான் ஸ்பேசரில் பிடிவாதம் பிடித்தார் என்று நினைக்கிறேன். மெல்லிய தகடும் இருந்தது, விரல் கனத் தகடும் இருந்தது. மெல்லியது போட்டால் வண்டியில் நீட்டிக்கொண்டிருக்கிற பழைய ஸ்டடு ஆணியிலேயே சக்கரத்தையும் மாட்ட வேண்டும், நட்டு பிடிக்க மரை குறைந்துவிடும் என்றான் அந்த இளைஞன். கனமானதற்கு அந்தத் தொல்லை இல்லை. தகட்டை முதலில் வண்டியோடு தனி நட்டு போட்டு முறுக்க வேண்டும். தகட்டிலேயே வேறு ஸ்டடுகள் இருக்கின்றன, அதில் சக்கரத்தை மாட்டி வெளியே நட்டு போட வேண்டும். நடுவில் ஒரு விளிம்பு, அது வண்டியில் சக்கரம் மாட்டுகிற குடத்தில் கச்சிதமாக உட்காரும். கேட்கக் கேட்க எனக்கே அது உறுதியாகத்தான் தோன்றியது.

"உள்ளே இருக்குற நட்டு லூஸானா வெளியே தெரியுமா?" என்று கேட்டேன்.

அவன் ஒரு நொடி யோசித்தான். "லூஸ் ஆவில்ல சேச்சி. ஒரு நூறு கிலோமீட்டர் ஓடிக் கழிஞ்சு ஒரு தடவை டைட் நோக்கணும், அவ்வளவே உள்ளூ" என்றான். அதற்குள் வேறு யாரோ வந்து அவனைக் கூப்பிட்டார்கள். என் கணவர் "அதெல்லாம் நான் நோக்கிக்கிடுறேன்" என்று பெட்டிகளைத் தூக்கிக்கொண்டார். அவன் என் கேள்விக்குப் பதில் சொல்லவில்லை என்பது பஸ் ஸ்டாண்டைத் தாண்டிய பிறகுதான் எனக்கு உறைத்தது.

வீட்டுக்கு வந்து பெட்டிகளை ஓரமாக வைத்துவிட்டு ஊமை மாதிரி இருந்தேன். அவர் பார்த்துக்கொண்டே இருந்தார். எனக்குக் கோபம் என்றால் அவர் சமாளித்துவிடுவார், பேசாமல் இருந்தால் அவருக்குக் கை கால் ஓடாது.

"பூஜை போட்டா உன் பேடி போவுமா?" என்றார் கடைசியில். பயத்தை அவர் மலையாளத்தில் பேடி என்றுதான் சொல்வார்.

"போவும்" என்றேன்.

அவர் அப்படியொன்றும் பக்திமான் அல்ல. லாரிக்கு ஆயுத பூஜை போடுகிற அன்றைக்கு மட்டும் குளித்து நெற்றியில் பட்டை போடுவார். அன்றைக்கு எனக்காக மறுபடியும் குளித்தார். சாமி படத்துக்கு முன்னால் வாழையிலை போட்டு, ஸ்பிரிங் நாலையும் நிறுத்தி, ஸ்பேசர் நாலையும் வரிசையாகப் பரப்பினார். சந்தனப் பொடியைத் தண்ணீரில் கெட்டியாகக் குழைத்தார். நெற்றிக்கு வைக்கிற மாதிரி ஒரு பொட்டு வைத்திருந்தால் போதும். அவர் ஒவ்வொரு தகட்டையும் எடுத்து இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும், ஒரு இடம் விடாமல், சுவருக்குப் பூசுகிற மாதிரிப் பூசினார். ஒவ்வொரு ஓட்டையைச் சுற்றியும் குங்குமம் வைத்தார். கற்பூரம் காட்டிவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"நாலுக்கும் ரெண்டு பக்கமும் போட்டிருக்கு. இனி எதுக்குப் பேடிக்கணும்?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அந்த மனுஷன் கையெல்லாம் மஞ்சளாக நின்ற கோலத்தைப் பார்த்து மனது நிறைந்துபோயிற்று. வாரக்கணக்கில் நெஞ்சில் உட்கார்ந்திருந்தது இறங்கிப் போனது. அன்றைக்கு நான் நிம்மதியாகத் தூங்கினேன்.

அடுத்த சந்தில் ஒரு ஒர்க்‌ஷாப். அதை நடத்துகிறவரை நாங்கள் இக்கா என்று கூப்பிடுவோம். மலையாளி, முஸ்லிம், எங்களோடு பேசுவதற்கென்று சொந்தமாக ஒரு தமிழ் வைத்திருக்கிறார். ஓணத்துக்குப் பாயசம் எங்கள் வீட்டிலிருந்து அவருக்குப் போகும், பெருநாளைக்குப் பிரியாணி அவர் வீட்டிலிருந்து எங்களுக்கு வரும். பேப்பரில் சுற்றிக் கொண்டுபோன ஸ்பேசரை அவர் பிரித்தார். சந்தனம் நன்றாகக் காய்ந்து தகட்டோடு பிடித்திருந்தது.

"பூஜை செஞ்சதா?"

"ஆமா இக்கா" என்றேன்.

அவர் தகட்டைத் திரும்பப் பேப்பரில் வைத்தார். போய்ச் சோப்புப் போட்டுக் கை கழுவினார். பிறகு ஒவ்வொரு தகட்டையும் விளிம்பில் மட்டும் இரண்டு கையாலும் பிடித்துத் தூக்கிப் பொருத்தினார். உள் நட்டுகளை நீளமான ஸ்பானரில் முழு எடையையும் போட்டு முறுக்கினார். சக்கரத்தை மாட்டி வெளி நட்டுகளையும் அதே மாதிரி முறுக்கினார். அந்தச் சந்தனத்தில் அவர் விரல் ஒன்றுகூடப் படவில்லை. இந்தக் காலத்தில் இப்படி ஒரு மரியாதையா என்று நினைத்துக்கொண்டேன்.

கார் இறங்கியது. உண்மையைச் சொன்னால் அழகாகத்தான் இருந்தது. உள்ளே உட்கார்ந்தால் ரோடு பக்கத்தில் வந்துவிட்டது, ஆட்டோக்காரர்களின் முழங்கால் என் முகத்துக்கு நேரே தெரிந்தது. இவர் தினமும் காரை நிறுத்திவிட்டுச் சந்து முனை வரை நடந்து போய், அங்கிருந்து திரும்பிப் பார்த்துவிட்டு வருவார். மகள் ஆபீஸ் போய்ச் சேர்ந்ததும் 'எத்தி' என்று மலையாளத்தில் ஒரே வார்த்தை அனுப்புவாள், வந்து சேர்ந்துவிட்டேன் என்று அர்த்தம். அந்த வார்த்தை போனில் வரும் வரை நான் சுக்கில் கை வைத்திருப்பேனே தவிர, எது முதல் தரம் எது இரண்டாம் தரம் என்று எனக்குத் தெரியாது.

சில நாட்கள் எதுவும் இல்லை. பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை மூன்று பேருமாகக் கடைக்குப் போய்விட்டு வரும்போது பாலத்தில் திரும்புகிற இடத்தில் எனக்கு ஒரு சத்தம் கேட்டது. டக். அவ்வளவுதான். இடது பக்கம் முன்னால், என் காலுக்குக் கீழே.

"என்னங்க, சத்தம் கேக்கு."

"ஸ்பிரிங் புதுசல்லே. செட் ஆவட்டும். குழப்பமில்ல."

மறுபடியும் பிரேக் பிடிக்கும்போது, டக். பின் சீட்டில் மகள் காதில் மாட்டியிருந்த இயர்போனைக் கழற்றிக் கேட்டுப் பார்த்தாள். அவளுக்குக் கேட்கவில்லை. "அம்மா காதுல ஒரு பேய் இருக்கு. அது அம்மாகிட்ட மட்டும்தான் பேசும்" என்றாள். இரண்டு பேரும் சிரித்தார்கள்.

வீட்டுக்கு வந்ததும் நூறு கிலோமீட்டர் விஷயத்தை ஞாபகப்படுத்தினேன். அவர் மறுபேச்சில்லாமல் வீல் ஸ்பானரை எடுத்தார். லாரியிலும் தினமும் எடுக்கும் முன் நட்டுகளைத் தட்டிப் பார்க்கிறவர்தானே. நாலு சக்கரத்திலும் ஒவ்வொரு நட்டாக மாட்டி, ஸ்பானர் மேல் காலை வைத்து ஏறி நின்று காட்டினார். ஒன்றும் அசையவில்லை.

"உள்ளே?" என்றேன்.

"வெளியே இத்தனை இறுக்கமா இருந்தா உள்ளே மட்டும் எப்படி லூஸாவும்? எல்லாம் சேந்து ஒண்ணுதானே."

எனக்குப் பயம் இன்னும் கூடியது. அடுத்த வாரம் முழுக்கக் காலையில் அவர்கள் கிளம்பும்போது முன் சக்கரத்தையே பார்த்துக்கொண்டு நிற்பேன். சக்கரம் சும்மா சுற்றிக்கொண்டு போகும். பண்டகசாலையில் கூட வேலை செய்கிற பெண்ணிடம் சொன்னேன். "சேச்சிக்கு வேற ஜோலி இல்லையா" என்று அவள் என் கூடையை அவள் பக்கம் இழுத்துக்கொண்டு எனக்கும் சேர்த்துப் பிரித்தாள். யாரிடம் சொன்னாலும் என் பயத்துக்கு மருந்து சொன்னார்களே தவிர, சத்தம் எங்கிருந்து வருகிறது என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. பயந்தாங்கொள்ளி என்று ஒரு தடவை பெயர் வாங்கிவிட்டால் அப்புறம் வீடு தீப்பிடித்தாலும் நாம் சொன்னால் எடுபடாது.

அந்த வியாழக்கிழமை வேலியேற்றம். அன்றைக்கு லீவு என்பதால் சாயந்திரம் அவரே மகளைக் கூட்டிக்கொண்டு வந்தபோது சந்தில் தண்ணீர் நின்றது. மெதுவாகத்தான் ஓட்டினார், ஆனாலும் இரண்டு பக்கமும் தெறித்தது. சந்தில் ஒரு பண்டகசாலைச் சுவரோரம் கொஞ்சம் மேடான இடம், அங்கே ஏற்றி நிறுத்தினார். உப்புத் தண்ணீர் பட்ட வண்டியை அப்படியே விட்டால் இரும்பைத் தின்றுவிடும் என்பதால், மறுநாள் காலையில் ஒரு வாளி நல்ல தண்ணீர் எடுத்துக்கொண்டு கழுவப் போனேன்.

இடது முன் சக்கரத்தில் மஞ்சளாக ஏதோ வழிந்திருந்தது. சக்கரத்தின் நடுவில் பின்னாலிருந்து கிளம்பி, கம்பிகளின் மேல் கோடு கோடாக இறங்கி, விளிம்பில் காய்ந்திருந்தது. மஞ்சளுக்குள் சிவப்பு. வாளியைக் கீழே வைத்துவிட்டேன். சந்தனமும் குங்குமமும்தான். சாமிக்கு வைத்தது கரைந்து ரத்தம் மாதிரி வடிகிறது என்றுதான் முதலில் தோன்றியது. வேறு எதுவும் தோன்றவில்லை. வண்டியைச் சுற்றி வந்து மற்ற மூன்று சக்கரங்களையும் பார்த்தேன். சேறும் உப்பும் இருந்தன. மஞ்சள் இல்லை.

அதற்குள் மகள் பையை மாட்டிக்கொண்டு வந்துவிட்டாள், பின்னால் அவர் சாவியோடு. நான் கார்க் கதவில் சாய்ந்து நின்றேன்.

"இன்னைக்குப் போவாதீங்க."

"என்ன இப்ப?"

சக்கரத்தைக் காட்டினேன். அவர் பார்த்தார். "தண்ணி பட்டுக் கரைஞ்சு வழிஞ்சிருக்கு. நல்லதுதானே, அபிஷேகம் ஆயிருக்கு. நகரு, பிள்ளைக்கு நேரமாச்சு."

"அம்மா, ப்ளீஸ்மா. லேட்டாப் போனா அங்க பேச்சு வாங்கணும்" என்றாள் மகள்.

நான் நகரவில்லை. சகுனம் என்று வாயெடுத்தால் இரண்டு பேரும் சிரித்துவிட்டு ஏறிப் போய்விடுவார்கள் என்று எனக்குத் தெரியும். இவர்களை எப்படி நிறுத்துவது என்று வழி தெரியாமல் நின்றபோது குக்கர் ஞாபகம் வந்தது. ஏன் வந்தது என்று சொல்ல முடியாது. அன்றைக்குக் காலையில்தான் மூடியின் ஓரத்தில் ஒரு பருக்கை ஒட்டியிருந்து, விசில் வராமல் பக்கவாட்டில் கஞ்சியாகக் கக்கியிருந்தது.

"அந்தச் சந்தனம் எங்க இருந்துச்சு?" என்று கேட்டேன்.

"தகட்டுல."

"தகட்டுக்கும் வண்டிக்கும் நடுவுல. இக்கா அம்புட்டுப் பலத்தைப் போட்டு முறுக்கினாரு. இரும்பும் இரும்பும் அமுங்கி இருக்குற இடத்துல தண்ணி எப்படிங்க உள்ள போச்சு? போயி எப்படி வெளிய வந்துச்சு? குக்கர் மூடி சரியா உக்காந்தா கஞ்சி வெளிய வருமா? மத்த மூணுலயும் பூசினீங்கள்லா, அதுல ஏன் வரல?"

அவர் சேற்றில் முட்டி போட்டு உட்கார்ந்து, அந்தக் கோட்டை விரலால் தேய்த்துப் பார்த்தார். விரலை வெளிச்சத்தில் பிடித்தார். மறுபடியும் தேய்த்தார். சிவப்பாக இருந்தது முழுவதும் குங்குமம் இல்லை. நறநறவென்று துரு. லாரியில் நட்டு லூஸானால் அதைச் சுற்றித் துரு வழிந்து கோடு போடும் என்று அவரே எனக்கு எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறார். அவர் முகத்தில் ஈயாடவில்லை.

"நீ பஸ்ல போ மோளே" என்றார் மகளிடம். தலையைத் தூக்காமலே சொன்னார்.

அவள் போகவில்லை. அப்பா குரல் அப்படி இருந்து அவள் கேட்டதில்லை.

இக்கா ஜாக்கியைத் தூக்கிக்கொண்டு வந்தார். வெளி நட்டுகளைக் கழற்ற ஸ்பானர் மேல் குதிக்க வேண்டியிருந்தது, அவ்வளவு இறுக்கம். சக்கரத்தை இழுத்தபோது உள்ளிருந்து என்னவோ டிங்கென்று தரையில் விழுந்து உருண்டது. ஒரு நட்டு. அது எப்போதோ கழன்று சக்கரத்துக்குள்ளேயே கிடந்திருக்கிறது. இக்கா ஸ்பானருக்குக் கை நீட்டுவதற்குள் என் கணவர் அடுத்த நட்டை விரலால் தொட்டார். பாட்டில் மூடி மாதிரிச் சுற்றியது. அதற்கடுத்ததும் சுற்றியது. ஒன்றே ஒன்றுதான் விரலுக்கு வரவில்லை. தினமும் பாலம் ஏறி, பெரிய ரோட்டில் லாரிகளுக்கு நடுவில் புகுந்து, காக்கநாடு வரைக்கும் என் பிள்ளையை அந்த ஒரு நட்டு தூக்கிக்கொண்டு போய் இறக்கியிருக்கிறது. நான் சுவரைப் பிடித்துக்கொண்டு கீழே உட்கார்ந்துவிட்டேன்.

இக்கா தகட்டை எடுத்துத் திருப்பினார். ஓரத்தில் சந்தனம் ஈரமாகக் குழைந்திருந்தது. நடுவில் காய்ந்து, பொடிந்து, திட்டுத் திட்டாக உதிர்ந்து போயிருந்தது. அது இருந்த கனத்துக்குத் தகடு ஆட இடம் கிடைத்திருக்கிறது. ஆட ஆட நட்டு இளகியிருக்கிறது. அவர் அந்தப் பொடியை விரலில் எடுத்து உருட்டினார்.

"இது துடைச்சிட்டு மாட்டியிருக்கணும்" என்றார். "எனக்குத் தெரியும் அண்ணாச்சி. இடையில் ஒரு பொடி மண்ணு இருக்கக்கூடாதுன்னு எனக்குத் தெரியும். ஆனா உங்க சாமிட சந்தனம். ஞான் எங்ஙனே துடைக்கும்?"

"பூசினது நான்தானே இக்கா" என்றார் என் கணவர்.

யாருக்காகப் பூசினார் என்று அங்கே நின்ற எல்லோருக்கும் தெரியும். மகள் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து என் கையைப் பிடித்தாள். அவள் கை என் கையைவிடக் குளிர்ந்திருந்தது.

ஸ்பேசரே வேண்டாம், பழையபடி மாட்டுங்கள் என்று அவர் சொன்னார். நான் கேட்கவே இல்லை, அவராகச் சொன்னார். தகடு போனாலும் அது உட்கார்ந்திருந்த இரும்பு முகத்திலும் சந்தனம் அப்பியிருந்தது, அதைச் சுத்தம் செய்யாமல் சக்கரத்தை மாட்ட முடியாது. இக்கா துணியை எடுத்தார். எடுத்துவிட்டு என் கணவரைப் பார்த்தார். என் கணவர் சந்தனத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். இவ்வளவுக்குப் பிறகும் இரண்டு ஆம்பிளைகளுக்கும் கை போகவில்லை.

நான் எழுந்து போய்த் துணியை வாங்கினேன். மன்னிச்சிரு சாமி என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டு, பெட்ரோலில் நனைத்த துணியால் அழுத்தித் துடைத்தேன். இரும்பு பளபளவென்று தெரியும் வரை, நாலு சக்கரத்துக்கும் நானே துடைத்தேன். துடைக்கும்போது பூஜை போட்ட அன்றைக்கு நான் தூங்கிய தூக்கம் ஞாபகம் வந்தது. அந்த வண்டியைப் பற்றிய கவலை இல்லாமல் நான் தூங்கியது அந்த ஒரு ராத்திரிதான். அன்றைக்குத்தான் பயந்திருக்க வேண்டும்.

பூஜை போட்ட பொருளைக் குப்பையில் போட முடியாது, அதுவும் குப்பை லாரிக்காரர் வீட்டில். ஸ்பேசர் நாலும் கொஞ்ச நாள் அலமாரியில் கிடந்தன. பிறகு அடுத்த வேலியேற்றம் வருவதற்குள் ஃப்ரிட்ஜின் நாலு காலுக்கும் கீழே வைத்தோம். ஒரு அங்குலம் உயரம் கிடைத்தது. சிவப்பு ஸ்பிரிங் இன்னும் காரில்தான் இருக்கிறது, அதில் குறை ஒன்றும் இல்லை என்று இக்கா இரண்டு தடவை பார்த்துச் சொல்லிவிட்டார்.

இப்போது காலையில் அவர் கிளம்பும்போது என்னையும் கூப்பிடுகிறார். "ஏறு. பாலம் தாண்டுற வரைக்கும் வா. உன் காது வேணும்." நான் முன்னால் உட்காருகிறேன். மகள் பின்னால். காதில் எதையும் மாட்டுவதில்லை. அவர் பாட்டை நிறுத்திவிடுகிறார். பாலம் வந்ததும் மூன்று பேரும் மூச்சை அடக்கிக்கொண்டு கேட்கிறோம். பாலத்தைத் தாண்டியதும் இறங்கி நான் பஸ் பிடித்துப் பண்டகசாலைக்குத் திரும்புவேன். கேட்கிறவர்கள், கடைசியில் நீ சொன்னதுதானே சரியாகப் போயிற்று, உனக்குச் சந்தோஷம்தானே என்கிறார்கள். எனக்கு எரிச்சல்தான் வருகிறது. முன்பெல்லாம் வீட்டில் நான் ஒருத்திதான் பயந்தேன். பயப்படாத இரண்டு பேர் பக்கத்தில் இருந்தார்கள், அவர்கள் சிரிக்கிற சத்தத்தில் எப்படியோ எனக்குப் பொழுது போனது. இப்போது அந்தச் சிரிப்பு இல்லை.

நேற்றும் பாலத்தில் திரும்பும்போது அவர் ஸ்டீயரிங்கை இறுக்கிப் பிடித்திருந்தார். விரல் கணுக்கள் வெளுத்திருந்தன. லாரியில் அவர் அப்படிப் பிடித்து நான் பார்த்ததே இல்லை.

"ஏதாவது கேக்குதா?" என்றார்.

சத்தம் எதுவும் இல்லை. எனக்குப் பயம் மட்டும் அப்படியே இருந்தது, அடிவயிற்றில், என்றைக்கும் போல.

"குழப்பமில்ல" என்றேன். "ஓட்டுங்க."

அவர் மூச்சை விட்டார், கை கொஞ்சம் தளர்ந்தது. நான் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு, கீழே சக்கரத்தைக் கேட்டுக்கொண்டே வந்தேன்.